ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் திண்டிவனம் - விழுப்புரம் சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலையோரம் பானெட்டைத் தூக்கி நிறுத்தியபடி ஒரு பழைய கார். முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென ஆவி. ஓட்டிவந்தவர் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். பின்சீட்டில் வந்த குழந்தைகள் வேலிகாத்தான் நிழலில். "வெயில் அப்படி, வண்டி என்ன பண்ணும்?" என்று யாராவது ஒரு சித்தப்பா தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பார்.

சித்தப்பாவின் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி இருக்கலாம். ஆனால், இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சாதாரண நாளிலேயே 90 டிகிரி சூட்டில்தான் இருக்கிறது. அதைக் குளிர்விக்க 40 டிகிரிக் காற்று தாராளமாகப் போதும். அந்தக் கணக்கில்தான் ரேடியேட்டரையே செய்கிறார்கள். அதே வயதுள்ள மற்ற கார்கள் ஏ.சி. போட்டுக்கொண்டு பக்கத்திலேயே பறந்துகொண்டிருக்கின்றனவே! நின்றுபோன காரில் ஏற்கெனவே ஏதோ ஒரு கோளாறு இருந்திருக்கிறது. மார்கழியில் அது மறைந்திருந்தது. சித்திரை காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்தச் சாலையில் இது அதிகம் தெரிவதற்கும் காரணம் உண்டு. சென்னையிலிருந்து கிளம்பும் கார் திண்டிவனத்தைத் தொடும்போது சுமார் 120 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், விடாமல் ஓடும் ஏ.சி. அதற்குப் பிறகு கூட்டேரிப்பட்டு தாண்டி விக்கிரவாண்டி டோல்கேட். பொங்கல், தீபாவளி சமயத்தில் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நீண்ட ஓட்டம், முழு லோடு, அப்புறம் திடீரென்று காற்றே இல்லாத வரிசை. பலவீனமான கூலிங் சிஸ்டத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை.

15 ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. சில நூறு ரூபாய் மூடியிலோ, ஒரு ரப்பர் ஹோஸிலோ முடியவேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் வேலையாக மாறினால், அந்த பில் காரின் சந்தை விலையோடு போட்டி போடும்.

குக்கர் மாதிரிதான்

வண்டி நின்றதும் செய்யவேண்டியதைவிட, செய்யக்கூடாதது முக்கியம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. இதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏன் என்று தெரிந்தால்தான் அந்த அவசரத்திலும் கை நிற்கும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அது குக்கர் வெயிட். பல கார்களில் சுமார் 0.9 பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்துவைக்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இந்த அழுத்தத்தில் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். சமையலறை குக்கரில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் கொதிநிலை இன்னும் ஏறி 125 டிகிரியைத் தாண்டும். இந்த நிலையில் மூடியைத் திருகினால் அழுத்தம் ஒரு நொடியில் காணாமல் போகிறது. 110 டிகிரியில் கொதிக்காமல் இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து ஆவியாகிறது. ஆவியாகும் தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அது பாய்வது, குனிந்து நிற்பவரின் முகத்திலும் மார்பிலும்தான். ஈரத்துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பது ஆபத்தான நம்பிக்கை.

டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்ததுமே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். ஹீட்டர் உள்ள காரில் அதை முழுச் சூட்டில் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டால், இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி கேபின் வழியாக வெளியேறும். வேர்த்துக் கொட்டும், ஆனால் நிழலான, பாதுகாப்பான இடம் வரும்வரை சில நூறு மீட்டர் தாங்கலாம். ஆவியே வர ஆரம்பித்துவிட்டால் அதற்கும் நேரமில்லை. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். குடும்பத்தை வண்டியிலிருந்து இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்கவைப்பது முதல் வேலை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் 1033. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

(திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். நான்கு வழிச்சாலை வந்த பிறகு, கார் நிறுத்த ஒரு புளியமர நிழலைத் தேடிப் பார்ப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.)

மேல் ஹோஸ், கையால் தொட முடிகிற சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். கொதிக்கும் இன்ஜின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குளிர்விப்பதும் கூடாது. சூடான அலுமினிய ஹெட்டில் திடீர்க் குளிர்ச்சி பட்டால் விரிசல் விடலாம். யாருக்காவது ஆவி பட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் தடவாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விக்கிரவாண்டி தாண்டினால் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதே சாலையில் இருக்கிறது.

முள்ளை மட்டும் நம்பினால்

"முள் பாதியில்தான் இருந்தது, திடீர்னு நின்னுபோச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. முள்தான் பொய் சொல்லியிருக்கும். டெம்பரேச்சர் சென்சார், தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான கணக்கைக் காட்டும். தண்ணீர் மொத்தமாக வடிந்து சென்சாரைச் சுற்றி வெறும் காற்று நின்றால், இன்ஜின் உருகும் சூட்டில் இருக்கும்போதுகூட முள் கீழே இறங்கிக் கிடக்கும். ஏறிய முள் தானாக மளமளவென்று இறங்கினால், அது நல்ல செய்தி என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகிறார்கள். பல ஹெட்கள் அப்படித்தான் வளைகின்றன.

அம்பாசிடர் காலத்து டிரைவர்கள் முள்ளை நம்பியதில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் தூக்கி ஆயில், தண்ணீர் இரண்டையும் பார்ப்பது பல் விலக்குவது போன்ற பழக்கம். அந்த வண்டியின் ஃபேன், பெல்ட்டில் இன்ஜினோடு சேர்ந்து சுற்றியது. இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, மின்சார ஃபேன், ஓவர்ஃப்ளோ பாட்டில் எல்லாம் சாதாரணக் குடும்பத்து வண்டிக்கும் வந்தன. தொல்லை குறைந்தது, பானெட்டைத் தூக்கும் பழக்கமும் கூடவே போய்விட்டது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014-ல் நின்றது. பழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுவிட்டது.

வெளியேயா, உள்ளேயா?

கூலிங் சிஸ்டம் மூடிய சுற்று. சிறிய காரில் மொத்தமே நான்கைந்து லிட்டர்தான் ஓடும். ஆரோக்கியமான காரில் அது குறையவே கூடாது என்றே சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு சிறு அளவு குறைந்தால் கவலையில்லை. வாரம் அரை லிட்டர் ஊற்றவேண்டியிருக்கிறது என்றால், அந்த அரை லிட்டர் எங்கேயோ போகிறது. போவதற்கு இரண்டே வழி. ஒன்று, வெளியே ஒழுகுகிறது. அல்லது இன்ஜினுக்குள்ளேயே எரிகிறது. மெக்கானிக்கிடம் காரை விட்டுவிட்டு வரும் முன் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான், தேவையில்லாமல் ரேடியேட்டரை மாற்றிவிட்டு மறுபடியும் ஆவியோடு திரும்புகிறார்கள்.

வெளியே ஒழுகுவதைப் பிடிக்க நல்ல நேரம் விடியற்காலை. முதல் நாள் இரவு வண்டிக்கு அடியில் பழைய நாளிதழை விரித்துவைத்தால், எந்த இடத்தில் சொட்டியது என்று காலையில் தெரியும். நிறமும் வாசனையும் இல்லாமல், தொட்டால் வெறும் தண்ணீர்போல இருந்தால் அது ஏ.சி. தண்ணீர். பச்சையோ, சிவப்போ, விரல்களுக்கு நடுவே வழுக்கினால் கூலன்ட். ஒழுகிக் காய்ந்த இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கறையே முகவரி சொல்லும்.

ஹோஸ் முனையில் கிளிப் இறுகாமல் இருப்பது அடிக்கடி காணும் கோளாறு. பழைய ரப்பரை அமுக்கிப் பார்த்தால் கல்லாக இறுகியிருக்கும், அல்லது பஞ்சாக உப்பியிருக்கும். அலுமினிய ரேடியேட்டரில் மேல், கீழ்த் தொட்டிகள் பிளாஸ்டிக். பத்துப் பதினைந்து ஆண்டுச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் மயிரிழையாக வெடிக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒரு சொட்டும் வராது. அழுத்தம் ஏறினால் மட்டும் பீய்ச்சும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்க்கும்போது "லீக் இல்லையே" என்கிறார்கள். பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் விட்டால் குட்டு உடையும். இந்தச் சோதனையைச் செய்யும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போவது நல்லது.

வாட்டர் பம்ப்பில் சிறிய துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்துவிட்டால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரும். எச்சரிக்கை மணி போலத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒழுகுகிறதே என்று அதை எம்-சீல் போட்டு அடைப்பவர்களும் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

ஹீட்டர் உள்ள காரில் இன்னொரு மறைவிடம், டேஷ்போர்டுக்கு உள்ளே. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாகி, காருக்குள் ஒரு தித்திப்பு வாசனை அடித்தால், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகப்பட வேண்டியது, மலிவான அந்த மூடியை. அதில் இரண்டு வால்வுகள். சூட்டில் விரியும் கூலன்ட்டை ஓவர்ஃப்ளோ பாட்டிலுக்கு அனுப்புவது ஒன்று; ஆறியபின் பாட்டிலிலிருந்து திரும்ப உறிஞ்ச வழி விடுவது மற்றொன்று. முதல் வால்வின் ஸ்ப்ரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். இரண்டாவது அடைத்துக்கொண்டால் பாட்டில் நிரம்பி வழியும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பி ஒட்டிக்கொண்டிருப்பது இதன் அடையாளம். பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதே என்று ஏமாறுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எப்போது சூடாகிறது?

தண்ணீர் குறையாமலே சூடாகும் கார்களும் உண்டு. அங்கே கேட்கவேண்டிய கேள்வி: ஓடும்போதா, நிற்கும்போதா?

நூறில் போகும்போது முள் ஒழுங்காக இருந்து, டோல் வரிசையில் மட்டும் ஏறினால், பெரும்பாலும் ஃபேன். ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் காருக்கு ஃபேனை விட்டால் நாதியில்லை. இதற்கு முன்னோட்டமாக, வரிசையில் நிற்கும்போது ஏ.சி. காற்று வெதுவெதுப்பாகி, வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிரும். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது விரல் ஜாக்கிரதை. சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

நேர்மாறாக, வேகத்தில் முள் ஏறி, மெதுவாகப் போனால் இறங்கினால், தண்ணீரின் ஓட்டத்தில் தடை. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, பம்ப் இறக்கைகள் அரித்துப்போனது, அல்லது தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காதது. மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் வலுக்கும்.

இந்த மாவட்டத்துக்கார்களுக்கு இன்னொரு சந்தேகமும் சேர்த்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. வெள்ளத்தில் நின்ற கார்களில் சீட்டையும் கார்ப்பெட்டையும் காயவைத்தார்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே படிந்த சேற்றை எத்தனை பேர் கழுவினார்கள்? அது காய்ந்து களிமண் சுவராக நின்றால் காற்று நுழையாது. முன்னால் இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி வீசிவிடும் வழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்யும் கெட்ட வேலை. இன்ஜினை 80 - 90 டிகிரிக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். இல்லாமல் ஓட்டக் கூடாது.

போர் தண்ணீரும் மஞ்சள் தூளும்

சாலையோர ஓட்டலில் பாட்டிலை நீட்டினால் கிடைப்பது போர் தண்ணீர். ஆபத்துக்கு ஒருமுறை பாவமில்லை. ஆனால், மாதக்கணக்கில் அதையே ஊற்றினால், வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும், அலுமினியத்தையும் அரிக்கும். ஊற்றவேண்டியது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, அல்லது கலந்தே விற்கும் ரெடிமேட் கூலன்ட். நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. காரின் கையேட்டில் சொன்ன வகைதான் முக்கியம். இரு வகைகளைக் கலந்தால் உள்ளே கசடு திரளலாம்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது பழைய லாரி வைத்தியம். அகலமான பித்தளைக் குழாய்களில் அது ஊர்போய்ச் சேரும்வரை தாங்கியிருக்கும். இன்றைய மெல்லிய அலுமினியக் குழாயில் ஓட்டையோடு சேர்த்து வழியையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைப்பான்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்: பல கூலன்ட்களில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கு ஆபத்தாகும். மிச்சத்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றிவைக்கக் கூடாது. ஷெட்டில் சிந்தியதைத் தெருநாயும் நக்கும். உடனே கழுவிவிட வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், டப்பாவோடு நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"ஹெட் போயிடுச்சு"

வெளியே எங்கும் ஒழுகவில்லை, மூடி புதிது, ஆனாலும் தண்ணீர் குறைகிறது. அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்வை போகவேண்டும். இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய தகடு ஒருமுறை ஓவர்ஹீட்டிலேயே பழுதாகலாம். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது; சூடான பின்னும் சைலன்சரில் விடாமல் வெண்புகை, அதில் தித்திப்பு வாசனை; ஆயில் மூடியின் உட்புறம் மோர்க்குழம்பு நிறத்தில் பிசுக்கு. இவற்றில் ஒன்றிருந்தால் சந்தேகம், இரண்டிருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

ஆனாலும் ஹெட்டைக் கழற்றச் சம்மதம் சொல்லும் முன் ஒரு சோதனை பாக்கி. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை நீலத் திரவம் ஒன்றின் வழியாக இழுப்பார்கள். இன்ஜின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிட வேலை. ரேடியேட்டரில் குமிழி வருவதை மட்டும் காட்டி "ஹெட் போயிடுச்சு" என்று சொன்னால் அது போதாது. புதிதாகத் தண்ணீர் நிரப்பிய வண்டியில், உள்ளே சிக்கிய காற்றும் கொஞ்ச நேரம் குமிழியாக வரும். அந்தக் காற்றை முழுதாக வெளியேற்றாமல் மூடியைப் போட்டாலும் வண்டி மறுபடி சூடாகும். பாவம் கேஸ்கெட் மேல் பழி.

ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும் என்றால், லேத்தில் மட்டம் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி ஏற்றுவதில் பயனில்லை. வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் சில மாதம்தான் நிற்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு தண்ணீர் குறைந்தது, டோல் வரிசையிலா, ஓட்டத்திலா, ஏ.சி. போட்டிருந்ததா, முன்பு எப்போதாவது கொதித்ததா என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஓவர்ஃப்ளோ பாட்டிலில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஊருக்குக் கிளம்பும் வாரத்தின் புதன்கிழமை மறுபடி பார்க்கலாம். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வியாழக்கிழமையே பிரஷர் டெஸ்ட்டுக்கு விட்டுவிடுவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை மதியம் விக்கிரவாண்டியில் நின்றுவிட்டால், திறந்திருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் தேடுவதே பெரும்பாடு.